ஏழாவது மடையும் என் முதல் கேள்வியும்

வரும் தேர்தலில் முதன்முதலாக நிற்கப்போகும் உங்களில் சிலர், சட்டசபையில் நான் கற்றுக்கொண்டதை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். இருபத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளத் தயக்கமாக இருந்தாலும், உண்மை அதுதான். நான் இருந்த சபை கலைக்கப்பட்டு மாதங்கள் ஆகிவிட்டன. மொழிவாரி எல்லைப் பிரிப்பில் என் தொகுதி இப்போது சென்னை ராஜ்யத்துக்குப் போய்விட்டது. நானோ திருவனந்தபுரத்தில், பாதியில் விட்ட இலக்கியப் படிப்பை முடிப்பதற்காக மறுபடியும் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

மசோதாவுக்குத் திருத்தம் கொடுப்பது எப்படி, எந்த விதியின் கீழ் எழுவது என்பவற்றை விதிப்புத்தகம் சொல்லித் தரும். நான் எழுதப்போவது ஒரே ஒரு கேள்வியைப் பற்றி. இரண்டாண்டுப் பதவியில் நான் செய்த மிகப் பெரிய பிழை அது. மீண்டும் வாய்ப்புக் கிடைத்தால் அதே பிழையைச் செய்வேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாஞ்சில் நாட்டில் எங்கள் வீட்டுக்கு ‘மெம்பர் வீடு’ என்று பெயர். தாத்தா மகாராஜா காலத்துச் சபையில் இருந்தார். நாடு விடுதலை பெற்றபின் அப்பா உறுப்பினரானார். அப்பா காலமானதும் அந்த இடத்துக்கு நடந்த தேர்தலில் நான் நிறுத்தப்பட்டேன். நிறுத்தப்பட்டேன் என்பதுதான் சரியான சொல். என்னை நிறுத்தியவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. எந்த ஊரில் யாரை முதலில் பார்க்கவேண்டும், எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவேண்டும் என்பதெல்லாம் அவர் கணக்கு. நான் மேடையில் நான்கு வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஐந்தாவது வாக்கியம் எனக்கு எப்போதும் வராது. ஆனாலும் மெம்பர் வீட்டுக்கு ஓட்டு விழுந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சபைக்கு அனுப்பவேண்டிய எந்தக் கேள்வியையும் அப்பா முதலில் சித்தப்பாவிடம் காட்டுவார். சித்தப்பா வாசித்துப் பார்த்து, சிலவற்றில் ஒரு வரியை அடிப்பார். சிலவற்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். பையில் போன கேள்வி திரும்பி வராது. சித்தப்பாவுக்கு உலகியல் தெரியும், அதனால் சொல்நயம் திருத்துகிறார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சபைக்குள் நான் போன முதல் ஆண்டின் பிற்பகுதியில், கடைமடைப் பகுதியிலிருந்து பொன்னம்மா என்ற பெண் திருவனந்தபுரத்தில், கரமனையில் நான் குடியிருந்த வீட்டுக்கு வந்தார். அரை ஏக்கரில் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, நெல் பயிரிடுகிறவர். கூடவே நான்கு பெண்கள். வாசலில் கிடந்த பெஞ்சில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“கும்பப்பூ நட்டு நிக்கு. பொதி பிடிக்க நேரத்துல வெள்ளம் இல்லை. மேக்க எல்லாவனுக்கும் வயல் நெறஞ்சு கெடக்கு. எங்களுக்கு வாய்க்காலு சேறு காட்டுது” என்றார்.

எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். கும்பப்பூ மாசியில் அறுக்கும் போகம், பொதி பிடிப்பது கதிர் கருக்கொள்வது.

“ஓவர்சியரிடம் சொன்னீர்களா?”

“சொன்னோம். மழைய நான் பெய்ய வைக்க முடியுமான்னு கேட்டாரு. மழைய யாரு கேட்டா? கரையத் தொளச்சு மடை வச்சிருக்காவளே, அதைக் கேட்டோம். அதுக்கு அவரு சைக்கிள்ல ஏறிட்டாரு.”

“எத்தனை மடை?”

“எங்களுக்கு எண்ணத் தெரியாமலா? எண்ண விட்டாத்தானே. நீங்க சபையில கேளுங்க அம்மா. அதுக்குத்தானே அனுப்பினது.”

அவர்கள் போனதும் எழுத உட்கார்ந்தேன். அதுவரை நான் கேட்டிருந்த கேள்விகள் எல்லாம் சித்தப்பா சொன்னவை. இது என்னுடையதாக இருக்கவேண்டும் என்று விரும்பினேன். ஒரு செய்யுளுக்கு உரை எழுதுகிறவளைப் போல எதையும் விடாமல் பகுத்தேன். அந்தக் கால்வாயில் அனுமதியில்லாத மடைகள் எத்தனை. அவை யார் யார் நிலத்துக்குப் பாய்கின்றன. உரிமையாளர் பெயர் என்ன. அவற்றை அடைக்க அரசு என்ன செய்யப்போகிறது. அந்த இரண்டாவது, மூன்றாவது உட்பிரிவுகளை எழுதியபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சித்தப்பாவிடம் காட்டாமலே சபை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.

கேள்வி பட்டியலில் ஏறியது. விடை வரவேண்டிய நாளுக்கு முந்தின பிற்பகல், பொதுமராமத்து அமைச்சர் என்னைத் தம் அறைக்கு அழைத்தார். அப்பாவின் பழைய நண்பர், மலையாளி, எங்கள் வீட்டாரிடம் பேசும்போது மட்டும் தமிழுக்குள் வந்துவிடுவார். மேசைமேல் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது.

“நாளைக்கு நான் சபையில் வாசிக்கவேண்டிய மறுபடி, உன் கேள்விக்கு விடை. நீ ஒண்ணு வாசிச்சு நோக்கு, மோளே.”

வாசித்தேன். மடைகள் ஏழு. முதல் ஆறு பெயர்களும் நான் அறிந்தவை. ஏழாவது, அளவில் பெரியது. உரிமையாளர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் முழுதாக, தந்தை பெயரோடு, இருந்தது.

அமைச்சர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமலிருக்கத்தான்.

“உன் அச்சன் எனக்கு ஜ்யேஷ்டனைப் போலே, சொந்த அண்ணன். நான் இதை வாசிக்கணுமா? ‘திரும்பப் பெறுகிறேன்’னு ஒரு வரி எழுதிக் கையொப்பிட்டுத் தா. நாளை வேற கேள்வி பல உண்டு. ஒருத்தரும் ஞாபகம் வைக்கமாட்டா.”

“கடைமடைக்குத் தண்ணீர்?”

“ஆறு மடை நான் அடைக்கலாம். சத்தமில்லாமல். அந்த ஒண்ணை மட்டும் கண்டில்லைன்னு வைக்கலாம்.”

இதுதான் உங்களுக்கும் வரும். தீமையான யோசனை தீமையான முகத்தோடு வந்தால் யாரும் விலகிவிடலாம். இது அன்போடு வந்தது. ஏழில் ஆறு என்பது நியாயத்துக்கு மிக அருகில் இருக்கும் எண். பொன்னம்மாவுக்கும் கொஞ்சம் தண்ணீர் கிடைக்கும். அப்பாவின் பெயரும் நிற்கும். அந்த அறையில் நான் ஏறக்குறைய சரி என்று சொல்லிவிட்டேன். நாவில் வந்த சொல்லை, நாளைக் காலை சொல்கிறேன் என்று மாற்றி வெளியே வந்தேன்.

கரமனைக்கு நடந்தே போனேன். வழியெல்லாம் ஒரே நினைவு. கோடையில், ஊரெல்லாம் வெடித்துக்கிடக்கும்போது எங்கள் வயல் மட்டும் ஈரமாக இருக்கும். சின்னப் பெண்ணாக அந்த வரப்பில் நடந்திருக்கிறேன். ஏன் ஈரம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய்யாகாது. ஆனால் தெரிந்துகொள்ளாமலிருக்க நான் கொஞ்சமும் சிரமப்பட்டதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மறுநாள் காலை, நான் புறப்படுவதற்குள் சித்தப்பா வந்து நின்றார். நாகர்கோவிலிலிருந்து முதல் பஸ்ஸில் தம்பானூர் வந்து இறங்கியிருந்தார். அமைச்சர் சொல்லியனுப்பியிருக்கவேண்டும். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மக்களே, இன்னைக்கு நீ சபைக்குப் போகாண்டாம்.” வீட்டுப் பிள்ளையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்கள்.

“நம் மடை இருப்பது உங்களுக்குத் தெரியுமா, சித்தப்பா?”

“தெரியுமாவா? நானும் உனக்க அப்பனும் நின்னு வச்ச மடையாக்கும்.”

“அப்பா கேள்விகளில் நீங்கள் அடித்த வரிகள் எல்லாம்...”

“எல்லாம் இல்லை. கொஞ்சம் எழுத்துப்பிழையும் உண்டு.”

அந்த நிலையிலும் அவருக்கு அப்படித்தான் பேச வரும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“உனக்கு ஓட்டு எப்படி விழுந்துன்னு நினைக்கே? நீ பேசின நாலு வரிக்கா? மெம்பர் மகளாக்கும்னு போட்டான். அந்தப் பேர நீயே சபையில கொண்டு நிறுத்திச் சிரிப்பாணி காட்டப்போறியா? செத்தவன் எந்திரிச்சு வந்து பதில் சொல்ல மாட்டான், கேட்டியா.”

“செத்தவர் வயலுக்குத் தண்ணீர் வேண்டாம், சித்தப்பா. பொன்னம்மாவுக்கு வேண்டும்.”

“அமைச்சர் ஆறு மடைய அடைக்கேன்னு சொன்னாருல்லா?”

அப்போதுதான் எனக்குத் தெளிவு வந்தது. சித்தப்பாவைவிடக் கால்வாயை அறிந்தவர் இல்லை. ஆகவே அவரையே கேட்டேன். “மெம்பர் வீட்டு மடை திறந்திருக்கும்போது மற்ற ஆறு பேரும் அடைக்க விடுவார்களா?”

அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கடைசியில், “மண்வெட்டியோட வந்து நிப்பான்” என்றார். பொய் சொல்ல அவருக்கு வழியிருந்தது, சொல்லவில்லை. அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

“நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது?”

“உனக்க பேருல. ஒத்த மக நீதானே.”

ஒரு தாளை எடுத்தேன். இன்ன கால்வாயில் என் நிலத்துக்குப் பாயும் மடையை அடைப்பதற்கு எனக்குப் பூரண சம்மதம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சித்தப்பா நின்றபடியே அதை வாசித்தார். அடிக்க வரி தேடுகிறார் என்று தோன்றியது. தாளை என் கையில் தந்துவிட்டு, எனக்கு முன்னால் தெருவில் இறங்கி நடந்தார். நான் சபைக்குள் போனபோது அவர் பார்வையாளர் மாடத்தில் இருந்தார்.

கேள்வி நேரம் தொடங்கியது. என் பெயர் வருவதற்கு முன் மூன்று கேள்விகள். அவற்றில் ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. சபாநாயகர் என் பெயரைச் சொன்னதும் எழுந்து கேள்வி எண்ணைச் சொன்னேன். அமைச்சர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். இன்னும் நேரமிருக்கிறது என்ற பார்வை. நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் தாளை எடுத்து வாசித்தார்.

ஏழாவது பெயர் வந்ததும் எதிர்வரிசை விழித்துக்கொண்டது. முதலில் ஒரு முணுமுணுப்பு, பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு. எதிர்க்கட்சியில் என்னைவிடப் பத்து வயது மூத்த உறுப்பினர் ஒருவர் இருந்தார். கிண்டலில் அவரை மிஞ்ச ஆளில்லை. துள்ளி எழுந்தார்.

“துணைக் கேள்வி. ஏழாவது மடையின் உரிமையாளருக்கும், இந்த அருமையான கேள்வியைக் கேட்ட உறுப்பினருக்கும் உறவு ஏதேனும் உண்டா?”

சபை அதிர்ந்தது. அமைச்சர் எழுந்து, “உறவுமுறை விவரம் இலாகாவிடம் இல்லை” என்றார். எனக்காகக் கட்டிய வேலி அது.

நான் எழுந்தேன். “விவரம் என்னிடம் இருக்கிறது. அவர் என் தந்தை.”

சிரிப்பு நின்ற வேகத்தை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். அந்த அமைதிக்குள் நான் மேலும் பேசத் தொடங்கினேன். நிலம் இப்போது என்னுடையது, மடையை அடைக்க எனக்கு... அதற்குள் சபாநாயகர் மணியை அடித்தார்.

“கேள்வி நேரத்தில் அறிக்கைக்கு இடமில்லை. துணைக் கேள்வி இருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் அமருங்கள்.”

சம்மதத் தாள் இன்னும் என் கையிலேயே இருந்தது. அடுத்த கேள்விக்குரியவர் எழுந்துவிட்டார். நண்பர்களே, அந்த இரண்டு நொடிகள்தாம் என் முழுப் பதவிக்காலமும். வாதாடியிருந்தால் உட்கார வைக்கப்பட்டிருப்பேன். அழுதிருந்தால் மறுநாள் பத்திரிகையில் வந்திருக்கும். இரண்டாலும் வாய்க்காலில் ஒரு துளி நகர்ந்திருக்காது. சொல்லவந்ததைக் கேள்வியாக்கவேண்டும். அமைச்சர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியே தீரவேண்டிய கேள்வியாக, அதற்குள் ஒரு நாளும் இருக்கவேண்டும்.

“ஏழாவது மடையின் இப்போதைய உரிமையாளர், அதை அடைக்க எழுத்து மூலம் இன்றே சம்மதம் தந்தால், நாளைக் காலை அந்த மடையில் வேலையைத் தொடங்கி, மற்ற ஆறையும் இந்த வாரத்துக்குள் அடைக்க அரசு தயாரா?”

அமைச்சர் எழுந்தார். எதிர்வரிசை முழுவதும் அவரைப் பார்த்தது. எங்கள் வரிசையும் பார்த்தது. பரிசீலிக்கப்படும் என்ற வழக்கமான பதிலுக்கு அவர் வாயெடுத்ததை நான் கண்டேன். என் கையிலிருந்த தாளையும் அவர் கண்டார். சபைக் காவலர் அதை வாங்கிக்கொண்டுபோய் அவர் முன் வைத்தார்.

“தயார்” என்றார். சற்றுப் பொறுத்து, “நாளைக் காலை” என்றும் சேர்த்தார்.

எனக்கு எதிரே அந்தக் கிண்டல்கார உறுப்பினர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு துணைக் கேள்வி உண்டா என்று சபாநாயகர் கேட்டதற்கு, “இனி என்ன கேட்க. நான் கேட்க வந்ததையும் அவரே கேட்டுவிட்டார்” என்று உட்கார்ந்தார். மாடத்தைப் பார்த்தேன். சித்தப்பாவின் இடம் காலியாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் நான் கால்வாய்க் கரையில் இருந்தேன். ஓவர்சியரும் நான்கு வேலையாட்களும் கல்லும் சிமெண்டுமாக வந்தார்கள். மற்ற ஆறு மடைக்காரர்களும் வந்திருந்தார்கள், கையில் ஒன்றுமில்லாமல். பொன்னம்மா அக்கரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மடையின் வாயில் கல் வைக்கும் நேரத்தில் சித்தப்பா வந்தார். கூட்டம் வழிவிட்டது. சண்டை வரும் என்று ஓவர்சியர் இரண்டடி பின்வாங்கினார். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கால்வாய்க்குள் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று காலால் துழாவினார்.

“அதை மட்டும் அடச்சா போதாதுவே. இங்க வாரும். ரெண்டு முழம் கீழ ஒண்ணு உண்டு. பனந்தடியக் கொடஞ்சு பொதச்சது. மேல் மடைய எவனாவது அடச்சாலும் இது ஓடும்னு நாங்க வச்சது.”

ஓவர்சியர் தம் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். “இது லிஸ்ட்ல இல்லையே.”

“லிஸ்ட்டு எழுதினவன் தண்ணியில இறங்கினானா?”

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கரையோரம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, “ஏன் சித்தப்பா?” என்றேன்.

“நேத்து உனக்க அப்பன் பேருக்கு அம்புட்டு பேரும் சிரிச்சான். இன்னைக்கு இதை மூடியாச்சுன்னு சொல்லி, நாளைக்கும் நம்ம வயல்ல ஈரம் கெடந்தா, உன்னக் கள்ளின்னு சொல்லுவான். அப்பனச் சொன்னதே போதும்.” பிறகு, தண்ணீரைப் பார்த்தபடி கேட்டார்: “சபையில எத்தரன்னு எழுதியிருக்கு?”

“ஏழு.”

“எட்டுன்னு திருத்து.”

அன்று பிற்பகலுக்குள் இரண்டு வாயும் அடைபட்டன. எங்கள் மடை மூடிய பிறகு மற்ற ஆறுக்கும் தடை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆறாம் நாள் கடைமடைக்குத் தண்ணீர் ஏறியது. பொன்னம்மா ஆள் மூலம் சொல்லியனுப்பினார். வெள்ளம் வந்தாயிற்று, பயிர் பிழைத்துக்கொள்ளும், அடுத்தபடியாக ரோட்டைப் பற்றிக் கேட்கவும் என்று. நன்றி என்ற சொல் அதில் இல்லை. இருந்திருந்தால் நான் கூசியிருப்பேன்.

புரட்டாசியில் அறுக்கும் எங்கள் கன்னிப்பூ அடுத்த பருவத்தில் பாதியாயிற்று. சித்தப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றதைப் பற்றியும் பல வாரங்கள் என்னிடம் பேசவில்லை. மெம்பர் வீட்டுக்கு இதனால் எத்தனை ஓட்டு கூடியது, எத்தனை குறைந்தது என்று என்னைக் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. எண்ணிப் பார்ப்பதற்கு முன் சபை போயிற்று, தொகுதியும் எல்லை தாண்டிப் போயிற்று. ஒருவேளை தோற்றிருப்பேன். அந்தத் தோல்வி கிடைக்காமல் போனதில் எனக்குச் சிறு வருத்தம்கூட உண்டு.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நீங்கள் கேட்கும் கேள்வியின் விடை உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கக்கூடும். நிற்காதபடி கேள்வியைச் சுருக்கிக்கொள்ள நல்லவர்கள் உதவுவார்கள். விரிவாகவே கேளுங்கள். கேட்டபின் நாள் குறித்து வாங்குங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. அடுத்த வாரம் சபையில் அமைச்சர் எழுந்து, தாம் முன்பு அளித்த விடையில் ஏழு என்றிருப்பதை எட்டு என்று திருத்திக்கொள்ள அனுமதி வேண்டினார். கிண்டல்கார உறுப்பினர் உடனே எழுந்தார்.

“அந்த எட்டாவதைக் கண்டுபிடித்தது இலாகாவா?”

“இல்லை” என்றார் அமைச்சர். “அதை வைத்தவரே தண்ணீரில் இறங்கிக் காட்டினார்.”

அந்த உறுப்பினர் வழக்கம்போல ஏதோ சொல்ல வாய் திறந்தார். பிறகு, தன் வரிசையினர் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். சபைக் குறிப்பில் அந்த இடத்தில் எதுவும் பதிவாகவில்லை.